35 மி.மீ. ஃபிலிமை மீடியம் ஃபார்மட் கேமராவில் ஓட்ட ஒரு வீட்டுத் தயாரிப்பு அடாப்டர்: பயன்படுத்திப் பார்த்த மதிப்புரை

35 மி.மீ. கேமராவைவிடப் பெரிய படம் எடுக்கும் மீடியம் ஃபார்மட் கேமராவுக்குள் 35 மி.மீ. ஃபிலிமைப் பொருத்திப் படம் எடுக்க உதவும் அடாப்டர்களை இப்போது பலர் வீட்டில் இருக்கும் முப்பரிமாண அச்சுப்பொறியிலேயே செய்துகொள்கிறார்கள். அப்படி ஒருவர் தன் கைப்பட வடிவமைத்து அச்சிட்டுக் கொடுத்த செட் ஒன்றை என் மமியா ஆர்பி67 கேமராவில் நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். கேசட்டை உறுதியாகத் தாங்கிப் பிடிப்பது, ஃபிலிமைக் கோணாமல் நடுவில் ஓடவைப்பது ஆகிய இரண்டு வேலைகளையும் அது மிக நன்றாகச் செய்கிறது. ஆனால் ஃபிலிம் லென்ஸுக்குப் பின்னால் தட்டையாக நிற்பதற்கும், எடுத்து முடித்த ஃபிலிம் வெளிச்சம் படாமல் வெளியே வருவதற்கும் அதில் எந்த ஏற்பாடும் இல்லை. இந்த வகை அடாப்டர்களைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ‘பொருந்துகிறதா’ என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். பொருந்துவது எளிது. அதற்குப் பிறகு வரும் இந்த இரண்டு விஷயங்களை வைத்துத்தான் இதை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

செட்டில் இருப்பவை நான்கே துண்டுகள். மீடியம் ஃபார்மட் கேமராக்களில் போடும் அகலமான 120 ஃபிலிமின் ஸ்பூல் (ஃபிலிம் சுற்றும் உருளை) சுமார் 65 மி.மீ. நீளமுடையது, அதன் இரு முனைத் தட்டுகளின் விட்டம் ஏறத்தாழ 25 மி.மீ. 35 மி.மீ. கேசட்டின் விட்டமும் கிட்டத்தட்ட அதுவேதான். எனவே கேசட் கேமராவின் ஃபிலிம் அறைக்குள் இயல்பாகவே அடங்கிவிடுகிறது; குறைவது நீளம் மட்டுமே. அந்தக் குறையை இரு பக்கமும் இட்டு நிரப்பும் மூடிகள்தான் முதல் இரண்டு துண்டுகள். ஒன்று கேசட்டின் நீட்டிக்கொண்டிருக்கும் முனையின் மேல் தொப்பியாக அமர்கிறது. மற்றொன்று எதிர்ப்பக்கக் குழிக்குள் செருகிக்கொள்கிறது. கேமராவின் ஸ்பிரிங் முனைகள் இவற்றின் வெளிப்பக்கத் துளைகளில் இறங்குகின்றன. மீதி இரண்டு துண்டுகள் வளையங்கள். காலியான ஒரு 120 ஸ்பூலின் மேல் இவற்றை இரு முனைகளிலிருந்தும் தள்ளி ஏற்றினால் நடுவே 35 மி.மீ.க்குச் சற்றே கூடுதலான இடைவெளி மிஞ்சுகிறது. ஃபிலிம் அந்த இடைவெளிக்குள் சுற்றிக்கொள்கிறது.

இழுக்கும் பக்கத்தில் முழு ஸ்பூலையும் புதிதாக அச்சிடாமல் உண்மையான 120 ஸ்பூலையே பயன்படுத்தியிருப்பதை இந்த வடிவமைப்பின் மிகச் சிறந்த முடிவாகக் கருதுகிறேன். ஃபிலிமை நகர்த்தும் விசை முழுவதையும் தாங்குவது ஸ்பூலின் முனையில் இருக்கும் அந்தச் சிறு பள்ளம்தான். அச்சிட்ட பிளாஸ்டிக்கில் முதலில் தேய்ந்து உருண்டுபோகும் இடமும் அதுவே. தொழிற்சாலையில் வார்த்த ஸ்பூலில் அந்தப் பிரச்சினை எழுவதில்லை. வளையங்கள் வழிகாட்டும் வேலையை மட்டும் செய்கின்றன.

கேசட் மூடிகளில் ஒன்றில் சிறிய துடுப்புப் போன்ற நீட்சி ஒன்று இருக்கிறது. முதலில் பார்த்தபோது அது எதற்கு என்றே புரியவில்லை. ஃபிலிமை இழுக்கும்போது உள்ளே உள்ள அச்சு மட்டுமே சுழல வேண்டும். கேசட்டின் உடலும் சேர்ந்து சுழன்றால் ஃபிலிம் வெளிவரும் வாய் திசைமாறி, வெல்வெட் விளிம்பில் ஃபிலிம் மடிந்து உராயத் தொடங்கிவிடும். அந்த நீட்சி அறையின் சுவரில் முட்டிக்கொண்டு கேசட்டைத் திரும்பவிடாமல் நிறுத்துகிறது. இவ்வளவு சிறிய விஷயத்தைக் கவனித்துச் செய்தவர், தானே பல சுருள்களை ஓட்டிப் பார்த்துத்தான் இந்த வடிவத்துக்கு வந்திருக்க வேண்டும்.

இப்படி ஓட்டுவதால் என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். 120 ஃபிலிமை 1901-இல் கோடக் கொண்டுவந்தது. கேசட்டில் அடைத்த 135 ஃபிலிமை அதே நிறுவனம் 1934-இல் ரெட்டினா கேமராவுடன் அறிமுகப்படுத்தியது. 35 மி.மீ. கேமராவில் ஒரு படத்தின் அளவு 24-க்கு 36 மி.மீ. அதே ஃபிலிம் ஆர்பி67 போன்ற 6×7 கேமராவின் (படத்தின் அளவைத் தோராயமாகச் சென்டிமீட்டரில் குறிக்கும் பெயர்) 70 மி.மீ. நீளச் சட்டத்துக்குப் பின்னால் ஓடும்போது, ஓரத் துளைகளுக்கு இடைப்பட்ட பகுதியை மட்டும் கணக்கில் எடுத்தால் 24-க்கு 70 என்ற நீண்ட பனோரமா கிடைக்கிறது. துளைகளையும் சேர்த்துக்கொண்டால் 35-க்கு 70. ஹாசல்பிளாட் நிறுவனம் 1998-இல் ஃபியூஜியுடன் சேர்ந்து வெளியிட்ட எக்ஸ்பான் கேமரா தந்தது 24-க்கு 65 மி.மீ. படம். அந்தக் கேமராவை நாடுகிறவர்கள் எந்த விகிதத்துக்காக நாடுகிறார்களோ, அதைவிடச் சற்று நீளமான படமே இங்கே கையில் இருக்கும் கேமராவிலிருந்து வருகிறது. 50 மி.மீ. லென்ஸை மாட்டினால் குறுக்கே சுமார் 70 பாகைக் காட்சி விரிகிறது, 90 மி.மீ. லென்ஸில் அது 42 பாகை அளவுக்குச் சுருங்குகிறது. தொலைவில் உள்ள அடுக்குகளைக் கிடையாகப் பிரித்துக் காட்டுவதற்கு எனக்கு இந்த இரண்டாவதுதான் அதிகம் பிடித்திருக்கிறது.

இதற்கு ஒரு நேர்மையான எதிர்வாதம் உண்டு. 120 ஃபிலிமில் 56-க்கு 70 என்று எடுத்து, மேலும் கீழும் வெட்டினால் அதே 24-க்கு 70 கிடைத்துவிடுமே, இந்தச் சிரமம் எதற்கு? படத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் இந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. 120 ஃபிலிம் தட்டையாக நிற்கும் என்பதால் வெட்டி எடுத்த படமே கூர்மையில் முந்தும். இருந்தும் அடாப்டரைத் தேர்ந்தெடுக்க மூன்று காரணங்கள் இருக்கின்றன. கோடக் கலர்பிளஸ் 200, அல்ட்ராமேக்ஸ் 400 போன்ற ஃபிலிம்கள் நெடுங்காலமாக 35 மி.மீ. அளவில் மட்டுமே வந்தவை. அவற்றின் நிறத்தை விரும்புகிறவருக்கு வேறு வழியில்லை. 120 சுருளில் 6×7 அளவில் பத்துப் படங்களே கிடைக்க, 36 படங்களுக்கான கேசட்டில் 18 முதல் 20 பனோரமாக்கள் வரை கிடைக்கின்றன. மூன்றாவது காரணம், துளைகளோடும் ஓர எழுத்துகளோடும் படம் விளிம்புவரை பரவி நிற்கும் அந்தத் தோற்றம். அதை 120 ஃபிலிமில் வெட்டியெடுக்க முடியாது. இந்த மூன்றில் எதுவுமே உங்களுக்குத் தேவைப்படவில்லை என்றால் அடாப்டரைத் தேடி அலைய வேண்டாம்.

எந்தக் கேமராவில் போடுகிறோம் என்பதும் முக்கியம். 6×4.5 எஸ்எல்ஆர்களில் சட்டத்தின் நீண்ட பக்கம் ஃபிலிமின் அகலத்தின் மேல் அமைந்திருக்கிறது. ஃபிலிம் ஓடும் திசையில் கிடைப்பது சுமார் 42 மி.மீ. மட்டுமே. அங்கே இந்த அடாப்டரைப் போட்டால் சாதாரண 35 மி.மீ. படத்தைவிடச் சற்றே நீண்ட படம் வரும், அவ்வளவுதான். 6×6 கேமராவில் 24-க்கு 56 கிடைக்கும். ஆனால் இரட்டை லென்ஸ் கேமராக்கள் பலவற்றில் ஃபிலிம் மேலும் கீழுமாக ஓடுவதால் பனோரமா நின்றவாக்கில் விழும். கிடைவாக்கில் வேண்டுமென்றால் கேமராவைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். அப்போது இடுப்பளவில் குனிந்து பார்க்கும் வியூஃபைண்டர் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். 6×9 கேமராக்கள் 24-க்கு 84 என்ற மிக நீண்ட படத்தைத் தருகின்றன. ஆர்பி67-இன் பின்பகுதி சுழலக்கூடியது என்பதால், கேமராவைச் சாய்க்காமலேயே படத்தை நிறுத்தியும் கிடத்தியும் எடுக்க முடிகிறது. இந்த அடாப்டருக்கு இதைவிட இயல்பாகப் பொருந்தும் கேமராவை நான் அறியேன்.

ஹோல்கா போன்று முதுகில் சிவப்புச் சாளரம் உள்ள கேமரா வைத்திருப்பவர்கள் அந்தச் சாளரத்தைக் கருப்பு டேப்பால் முழுமையாக மூடிவிட வேண்டும். 120 ஃபிலிமின் முதுகில் இருக்கும் காப்புத் தாள்தான் எண்களைத் தாங்குவதும், சாளரத்து வெளிச்சத்தைத் தடுப்பதும். 35 மி.மீ. ஃபிலிமில் அந்தத் தாள் இல்லாததால் படிக்க எண்ணும் இருக்காது, வெளிச்சத்துக்குத் தடையும் இருக்காது. குமிழை எத்தனை சுற்றுச் சுற்றினால் ஒரு படம் நகர்கிறது என்பதை வீணான ஒரு ஃபிலிமை வைத்து முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஸ்பூல் தடிக்கத் தடிக்க அந்தச் சுற்றுகள் குறைந்துகொண்டே வரும்.

மாட்டுவது கடினமில்லை, பொறுமை மட்டும் வேண்டும். கேசட்டிலிருந்து நீளும் ஃபிலிமின் நாக்கு ஒரு பக்கம் குறுகலாக வெட்டப்பட்டிருக்கும். அதை அப்படியே ஸ்பூலில் ஒட்டினால் இழுவிசை ஒரு பக்கமாகச் சாய்ந்து, சில சுற்றுகளிலேயே ஃபிலிம் வளையத்தின் மேல் ஏறப் பார்க்கும். ஆகவே நாக்கின் குறுகிய பகுதியை நேராக வெட்டி நீக்கிவிட்டு, முழு அகலத்தையும் ஸ்பூலின் தண்டில் காகித டேப்பால் ஒட்ட வேண்டும். ஒட்டியபின் கையால் ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றி, ஃபிலிமின் இரு விளிம்புகளும் வளையங்களின் உட்புறத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு மூடினால் போதும். எனக்கு வந்த செட்டில் ஃபிலிம் சட்டத்தின் நட்ட நடுவில் ஓடவில்லை. 56 மி.மீ. சட்டத்தில் 35 மி.மீ. ஃபிலிம் ஓடினால் இரு பக்கமும் பத்தரை மி.மீ. மிஞ்ச வேண்டும், அளந்து பார்த்ததில் ஒரு பக்கம் பன்னிரண்டரையும் மறுபக்கம் எட்டரையும் இருந்தன. செய்தவரிடம் சொன்னதும் மூடிகளின் தடிமனை மாற்றி அச்சிட்டு வேறு இரண்டு தந்தார். கைத்தயாரிப்பில் கிடைக்கும் இந்த வசதியைக் கடைச்சரக்கில் எதிர்பார்க்க முடியாது.

படங்களுக்கிடையே உள்ள இடைவெளி, கேமரா ஃபிலிமை எப்படி அளக்கிறது என்பதைப் பொறுத்தது. ஃபிலிமோடு உருளும் உருளையைக் கொண்டு நீளத்தை அளக்கும் கேமராக்களில், ஃபிலிம் வழுக்காதவரை இடைவெளி சீராக இருக்கும். ஸ்பூலின் சுற்றுகளை வைத்துக் கணக்கிடும் கேமராக்களில் வேறு சிக்கல் வருகிறது. அவை 120 ஃபிலிமோடு காப்புத் தாளும் சேர்ந்து சுற்றும் என்ற கணக்கில் அமைந்தவை. முதல் படத்துக்கு முன்பே தாளின் நீண்ட முன்பகுதி ஸ்பூலில் சுற்றி அதைத் தடிமனாக்கியிருக்கும். வெறும் 35 மி.மீ. ஃபிலிமில் அந்தத் தடிமன் வராது. ஒரு சுற்றுக்கு நகரும் நீளம் குறைந்து, படங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறத் தொடங்கும். பழைய 120 சுருளின் காப்புத் தாளில் ஒரு துண்டை வெட்டி, ஸ்பூலின் தண்டில் முன்கூட்டியே சுற்றி ஒட்டிக்கொள்வது இதற்கு எளிய மருந்து. வளையங்களின் நடுவே தண்டைச் சற்றுத் தடிமனாக்கும் ஓர் உறையையும் செட்டில் சேர்த்தால் இந்த வேலையே மிச்சமாகும். அடுத்த முறை அச்சிடும்போது செய்தவர் இதைச் சேர்க்க வேண்டும்.

ஆர்பி67-இல் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். 120 ஃபிலிம் பேக்கின் (கேமராவின் பின்னால் மாட்டும், ஃபிலிமைத் தாங்கும் பெட்டி) கவுண்டர் பத்தாவது படத்தோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு, மீதமுள்ள தாளைச் சுற்றி முடிப்பதற்காக லீவர் தடையின்றி ஓடும். கேசட்டிலோ இன்னும் பாதி ஃபிலிம் இருக்கும். இருட்டுப் பைக்குள் பேக்கைத் திறந்து மூடிக் கவுண்டரை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவரலாம். ஆனால் வெளியிடத்தில் நின்றுகொண்டு அதைச் செய்வது எரிச்சலான காரியம். இதற்கு 220 ஃபிலிம் பேக்கைப் பயன்படுத்துவதே சரியான வழி. 1965-இல் வந்த 220, நீளத்தில் 120-ஐப் போல இரு மடங்கு. ஃபிலிமின் முதுகில் தாள் கிடையாது. ஆகையால் அந்த பேக்கின் கவுண்டர் இருபது வரை எண்ணும். அழுத்துத் தகடும் தாளில்லாத ஃபிலிமுக்கென்றே அமைந்தது. 220 ஃபிலிம் இப்போது அரிதாகிவிட்டதால் இந்த பேக்குகளைத் தேடுவோர் குறைவு. இந்த அடாப்டரை வாங்கும் ஆர்பி67 உரிமையாளர்கள் முதலில் ஒரு 220 பேக்கைத் தேடிப் பிடிப்பது நல்லது.

இனி ஃபிலிமின் தட்டைத்தன்மைக்கு வருகிறேன். 120 ஃபிலிமின் அகலம் ஏறக்குறைய 61.5 மி.மீ. சட்டத்தின் திறப்பு 56 மி.மீ. எனவே ஃபிலிமின் இரு விளிம்புகளும் திறப்புக்கு வெளியே உள்ள ரெயில்களின் மேல் படிந்திருக்கின்றன. பின்னாலிருந்து அழுத்துத் தகடு ஃபிலிமை அந்த ரெயில்களோடு சேர்த்து வைக்கிறது. முன்னால் ரெயில், பின்னால் தகடு என்று இரண்டுக்கும் நடுவே சிக்கியிருப்பதால்தான் ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. 35 மி.மீ. ஃபிலிமோ அந்த ரெயில்களை எட்டுவதே இல்லை. அது திறப்பின் நடுவில், முன்பக்கம் எந்த ஆதாரமும் இல்லாமல், இரு முனைகளிலும் இழுபடும் விசையை மட்டுமே நம்பி நிற்கிறது. ஃபிலிமுக்கு எமல்ஷன் (ஒளியை உணரும் பூச்சு) பக்கமாகச் சுருளும் இயல்பு உண்டு. ஆகவே விளிம்புகள் லென்ஸை நோக்கி முன்னால் வளைகின்றன. கேசட்டில் நெடுநாள் சுருண்டு கிடந்த ஃபிலிமாக இருந்தால் நீளவாக்கிலும் ஓர் அலை எழும்.

இது எவ்வளவு பாதிக்கும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 0.03 மி.மீ. மங்கல் வட்டத்தை (ஃபோகஸ் விலகும்போது ஒரு புள்ளி ஃபிலிமில் பரவும் வட்டம்) ஏற்றுக்கொள்ளக்கூடியதாக வைத்துக்கொண்டால், ஃபிலிம் தன் இடத்திலிருந்து முன்பின்னாக நகரக்கூடிய அளவு, அப்பெர்ச்சர் எண்ணை 0.03-ஆல் பெருக்கினால் வருவது. 90 மி.மீ. லென்ஸின் முழுத் திறப்பான எஃப் 3.8-இல் அது 0.11 மி.மீ. எஃப் 11-இல் 0.33 மி.மீ. எஃப் 16-இல் 0.48 மி.மீ. ஆதாரமில்லாமல் நிற்கும் ஃபிலிம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் தட்டையாக நிற்கும் என்று எதிர்பார்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. நான் எடுத்த படங்களிலும் அப்படித்தான் தெரிந்தது. முழுத் திறப்பில் எடுத்தவற்றில் நடுப்பகுதி கூர்மையாக இருக்க, துளைகளை ஒட்டிய பகுதி மேலும் கீழும் இளகிக் கரைந்திருந்தது. ஒரே சுருளிலேயே சில படங்களில் அது கூடுதலாகவும் சிலவற்றில் குறைவாகவும் இருந்தது. எஃப் 11-க்கு மேல் மூடியவுடன் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியவில்லை. முக்காலியில் நிறுத்தி, எஃப் 11 அல்லது 16-இல், அசையாத காட்சிகளை எடுக்கிறவருக்கு இந்தக் குறை ஒரு பொருட்டே அல்ல. திறந்த அப்பெர்ச்சரில் முகங்களை எடுக்க நினைப்பவருக்கு இந்தச் செட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதே தேவைக்காகக் கேமரா நிறுவனங்களே முன்பு செய்த இணைப்புகளைப் பார்த்தால் என்ன விடுபட்டிருக்கிறது என்பது விளங்கும். ரோலைஃப்ளெக்ஸ் இரட்டை லென்ஸ் கேமராவுக்கென வந்த ரோலைகின் இணைப்பில் 35 மி.மீ. ஃபிலிமுக்கான தனிச் சட்டமும், அதற்கேற்ற அழுத்துத் தகடும், படங்களை எண்ணும் ஏற்பாடும் இருந்தன. மமியா 7-க்கான பனோரமா இணைப்பும் 24-க்கு 65 மி.மீ. அளவுக்கு ஒரு முகமூடியோடு (திறப்பைச் சிறிதாக்கும் சட்டம்) வந்தது; ஃபிலிமைத் திரும்பச் சுற்றவும் அதில் வழி இருந்தது. கேசட்டைத் தாங்கும் பகுதி அவற்றில் ஒரு பாதிதான். ஃபிலிமுக்கு முன்னால் நிற்கும் அந்தச் சட்டமே மறுபாதி. நம் அடாப்டரைச் செய்தவர் மெல்லிய கருப்புத் தகட்டை வெட்டி, 56 மி.மீ. திறப்புக்குள் கச்சிதமாக அமரும் ஒரு முகமூடியைச் சேர்த்துவிட்டால், ஃபிலிமின் துளைப் பகுதிக்கு முன்பக்க ஆதாரம் கிடைத்துவிடும். முகமூடியின் உயரம் ரெயிலின் உயரத்தோடு துல்லியமாகச் சமமாக இருக்க வேண்டும் என்பதால் இது எளிய வேலை அல்ல. துளைகளையும் சேர்த்துப் படமெடுக்க விரும்புகிறவர்கள் அதைக் கழற்றிவைத்துவிடலாம்.

முகமூடி இல்லாததன் இன்னொரு விளைவு சிதறும் ஒளி. ஃபிலிமுக்கு இரு பக்கமும் பத்தரை மி.மீ. அகலத்தில் வெற்றிடம் இருக்கிறது. லென்ஸிலிருந்து வரும் வெளிச்சம் அங்கே நேராக அழுத்துத் தகட்டில் பட்டுத் திரும்புகிறது. துளைகளின் வழியாகவும் அவ்வாறே பட்டுத் திரும்புகிறது. தகடு கருப்பாக இருந்தாலும் பளபளப்பான வானத்தை எடுக்கும்போது துளைகளைச் சுற்றி மெல்லிய வெளிச்ச வளையம் விழுவதைப் பார்க்கலாம். இதை ரசிப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குக் கருப்பு வெள்ளையில் அது பிடித்திருக்கிறது, வண்ணத்தில் பிடிக்கவில்லை.

காட்சியைச் சட்டமிட்டுப் பார்ப்பதற்கும் நாமேதான் வழிசெய்துகொள்ள வேண்டும். வியூஃபைண்டரின் கண்ணாடித் திரை முழு 6×7 காட்சியையும் காட்டும். அதில் நடுவில் உள்ள ஒரு பட்டை மட்டுமே ஃபிலிமில் விழும். ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் 24 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகளும், அவற்றுக்கு வெளியே 35 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகளும் வரைந்து திரையின் மேல் வைத்துக்கொண்டேன். உள்கோடுகளுக்குள் முக்கியமானவற்றை அடக்கிவிட்டால், துளைப் பகுதியில் என்ன விழுந்தாலும் கவலையில்லை. ஆர்பி67-இன் பின்பகுதியைச் சுழற்றும்போது கோடுகளும் திசைமாற வேண்டும் என்பதால், நெடுக்காகவும் குறுக்காகவும் இரண்டு தாள்கள் தேவை.

சுருள் முடிந்தபின் வரும் கட்டத்தில்தான் புதியவர்கள் பலர் படங்களை இழக்கிறார்கள். 35 மி.மீ. கேமராவில் கடைசிப் படம் முடிந்ததும் ஃபிலிமைக் கேசட்டுக்குள் திரும்பச் சுற்றிவிடுகிறோம். 120-இல் காப்புத் தாளே சுருளை மூடிவிடுகிறது. இந்த அடாப்டரில் இரண்டுமே இல்லை. எடுத்து முடித்த ஃபிலிம் முழுவதும் எந்த மறைப்பும் இன்றி இழுக்கும் ஸ்பூலில் சுற்றியிருக்கிறது. அந்த நிலையில் பேக்கைப் பகல் வெளிச்சத்தில் திறந்தால் எல்லாம் போயிற்று. இருட்டறையிலோ இருட்டுப் பைக்குள்ளோ மட்டும்தான் திறக்க வேண்டும். உள்ளே கையை விட்டு, ஸ்பூலைக் கழற்றி, கேசட்டின் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைப் பிடித்து விரலால் திருகி ஃபிலிமை உள்ளே சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்ற வேண்டும். வேகமாக இழுத்தால் வறண்ட நாட்களில் நிலைமின் பொறி ஃபிலிமில் கீறலாகப் பதிய வாய்ப்புண்டு. வீட்டிலேயே கழுவுபவர் கேசட்டுக்குள் சுற்றாமல் நேரடியாக டேங்கின் ரீலில் ஏற்றிவிடலாம். ஒருமுறை கூடுதலாக உராய்வது தவிர்க்கப்படும்.

லீவர் திடீரென்று இறுகினால் ஃபிலிம் முடிந்துவிட்டது என்று பொருள். ஃபிலிமின் கடைசி முனை கேசட்டின் அச்சோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் பலத்தைக் கூட்டினால் அது பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பிறகு கேசட்டுக்குள் திரும்பச் சுற்றவும் வழியிருக்காது. ஒரு பயணத்தில் ஒரே சுருள் போதும் என்பவருக்கு இவையெல்லாம் தொல்லையாகத் தோன்றா. வெளியில் நின்று சுருளுக்குமேல் சுருளாக மாற்றுகிறவர், இருட்டுப் பையைக் கேமராப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது கூடுதலாக ஒரு ஃபிலிம் பேக்கை முன்பே நிரப்பி எடுத்துச் செல்ல வேண்டும். நான் செய்வது இரண்டாவது.

கழுவும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. துளைகளின் வழியே டெவலப்பர் வேகமாகப் பாய்வதால் அவற்றை ஒட்டி அடர்த்தி வேறுபாடுகள் கோடுகளாக விழக்கூடும். சாதாரண 35 மி.மீ. படத்தில் அந்தப் பகுதி படத்துக்கு வெளியே இருப்பதால் பெரும்பாலும் கண்ணில் படாது. இங்கே படம் விளிம்புவரை பரவியிருப்பதால் பளிச்சென்று தெரியும். டேங்கை ஒரே சீராக, மென்மையாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் இது பெரிதும் குறைகிறது. நெகட்டிவில் துளைகள் கண்ணாடிபோல் தெளிந்திருப்பதால் பாசிட்டிவில் அவை கருப்பாகவும், தயாரிப்பாளர் ஓரத்தில் முன்பே பதித்துவைத்த எழுத்துகளும் எண்களும் கருப்பு வெள்ளை ஃபிலிமில் வெளிச்சமாகவும் வரும். அந்த எண்கள் 36 மி.மீ. படங்களுக்கு ஏற்றவை என்பதால் நம் படங்களோடு ஒத்துப்போகா.

லேபில் கொடுப்பவர்கள் ஃபிலிமை வெட்டாமல் முழுநீளமாகத் திருப்பித் தரும்படி எழுதியே கொடுத்துவிட வேண்டும். ஆறு படங்களுக்கு ஒருமுறை என்று பழக்கப்பட்ட கை, பனோரமாவின் நடுவில் கத்தரியை வைத்துவிடும். அங்குள்ள ஸ்கேனர்களும் பெரும்பாலும் 24-க்கு 36 என்ற அளவுக்கே அமைக்கப்பட்டவை. தட்டைப் படுகை ஸ்கேனரில் 120-க்கான தாங்கியில் வைத்தோ, ஒளிப்பெட்டியின் மேல் கண்ணாடிக்கு அடியில் வைத்து டிஜிட்டல் கேமராவால் படியெடுத்தோ துளைகளோடு முழுப் படத்தையும் பெறலாம்.

துண்டுகளின் செய்நேர்த்தியில் எனக்குத் திருப்தி. அடுக்கடுக்காக அச்சிடப்பட்ட வரிகள் வளையங்களின் உட்பக்கத்தில் விரலில் தட்டுப்பட்டன. ஃபிலிமின் விளிம்பு உரசும் இடம் அது என்பதால் மெல்லிய உப்புத்தாளால் நனைத்துத் தேய்த்து, தூளை முழுவதுமாகக் கழுவி உலர்த்திய பிறகே பயன்படுத்தினேன். அந்தத் தூள் ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் ஃபிலிம் நெடுகக் கோடு விழும் என்பதால் இதைச் செய்தவரே முடித்துத் தருவதுதான் முறை. பயன்படுத்தியிருக்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கேமராவை விட்டுச் செல்லும் பழக்கம் உள்ளவர்கள் வெப்பம் தாங்கும் வேறு பிளாஸ்டிக்கில் அச்சிட்டுக் கேட்பது நல்லது. கருப்பு நிறத்தில் கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் உங்கள் கேமராவின் பெயரோடு ஃபிலிம் பேக்கின் வகையையும் செய்தவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஃபிலிம் அறையின் உள்நீளத்தை அளந்து தாருங்கள், ஏனெனில் அரை மி.மீ. கூடினாலும் மூடி இறுகிக்கொண்டு பேக் சரியாகப் பூட்டாது. கைக்கு வந்ததும் கழுவத் தேவையில்லாத, காலாவதியான ஒரு சுருளை வெளிச்சத்திலேயே மாட்டி, பேக்கைத் திறந்தபடி வைத்து முழுவதும் ஓட்டிப் பாருங்கள். சட்டத்துக்குப் பின்னால் ஃபிலிம் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தால், படங்களுக்கிடையே உள்ள இடைவெளி, ஃபிலிம் சாய்கிறதா என்பது, எத்தனையாவது படத்தில் லீவர் இறுகுகிறது என்பது ஆகிய மூன்றும் அந்த ஒரே சுருளில் தெரிந்துவிடும். அந்தச் சுருளை எறிந்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுப் பைக்குள் கேசட்டில் திரும்பச் சுற்றிப் பழகுவதற்கு அதுவே போதும்.